ஒழுக்கக் கோவையின் முதற் பிரிவு நியமனக் கடிதமாக இருக்கட்டும்

இலங்கையின் ஊடக நிறுவன உரிமையாளர்களுக்கும் ஆசிரிய பீடங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோரே,

ஊடகங்களை அரசு கட்டுப்படுத்தக் கூடாது, செய்தித் துறைக்கான விதிகளை ஓர் ஒழுக்கக் கோவையில் எழுதி வைத்து ஊடகங்கள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் என்று நீங்கள் சொல்லி வருகிறீர்கள். அந்த நிலைப்பாட்டில் உங்களுக்கும் எங்களுக்கும் முரண்பாடு கிடையாது. 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைப் பேரவைச் சட்டம் அமைச்சரவையில் பேசப்பட்டதை எழுதுவதைக்கூடக் குற்றமாக்கியது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையப் பதிவுகளில் எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. அந்த ஐவரையும் நியமிப்பவர் ஜனாதிபதி. இவற்றை எதிர்த்து நின்றவர்களில் செய்தியாளர்களும் இருந்தார்கள்.

சுய ஒழுங்குமுறை இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. ஊடக சுதந்திரத்தையும் சமூகப் பொறுப்பையும் பற்றிய கொழும்புப் பிரகடனம் 1998இல் வந்தது. 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, செய்திகள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கப் பத்திரிகைத் துறை தானே அமைத்த பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு தொடங்கியது. சிறைத் தண்டனை வேண்டாம், தவறினால் நாங்களே திருத்திக்கொள்வோம் என்று அன்று நாட்டு மக்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வாக்கு நிற்பதற்கு ஒரு கால் மட்டும் இதுவரை வைக்கப்படவே இல்லை. செய்தியைச் சேகரிப்பவருக்கு நியமனக் கடிதமும் மாதச் சம்பளமும், ஓய்வுகாலத்துக்கென மாதந்தோறும் சேரும் ஊழியர் சேமலாப நிதியும் இருக்கிறதா என்ற கேள்விதான் அந்தக் கால். இதைத் தொழிற்சங்கப் பிரச்சினை என்று நீங்கள் ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்கிறீர்கள். செய்தியின் தரத்தைத் தீர்மானிக்கும் பிரச்சினை என்று நாங்கள் சொல்கிறோம். எப்படி என்பதை விளக்கவே இந்த மடல்.

கிளிநொச்சியில் இருக்கும் ஒரு பிராந்திய செய்தியாளரை எடுத்துக்கொள்வோம். புதுக்குடியிருப்பில் ஒரு காணிப் பிணக்கு என்று தகவல் வருகிறது. பரந்தன் ஊடாகப் போய்வர எழுபது கிலோமீற்றருக்கு மேல். மோட்டார் சைக்கிளுக்கு ஏறக்குறைய இரண்டு லீற்றர் பெற்றோல் வேண்டும். 2025இன் விலையில் அதற்கு மட்டும் 600 ரூபாய் அளவில் போய்விடும். பிரசுரமாகும் ஒரு செய்திக்கு அவருக்குக் கிடைப்பது 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போனால் 300 ரூபாய் நட்டம். காணிக்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டு எழுதினால் 300 ரூபாய் மிச்சம். மறுதரப்பு, பிரதேச செயலகம், நில அளவைத் திணைக்களம் என்று இன்னும் மூன்று இடம் ஏறி இறங்கினால் ஒரு நாள் முழுவதும் போகும். செய்தி நன்றாக வரும், ஆனால் கொடுப்பனவு அதே 300தான். ஒழுக்கக் கோவையில் நீங்கள் எழுதி வைத்திருக்கும் ‘இருதரப்புக் கருத்தையும் பெறுக’ என்ற வரிக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை இன்று கட்டுபவர் செய்தியாளர்.

இதே கணக்குத்தான் மற்றத் தவறுகளையும் பெற்றெடுக்கிறது. எண்ணிக்கைக்குப் பணம் என்றால் எண்ணிக்கை பெருகும். ஒரே விபத்து காலையில் ‘ஒருவர் பலி’, மதியம் ‘அடையாளம் காணப்பட்டார்’, மாலையில் ‘சாரதி கைது’ என மூன்று செய்தியாக உடையும். முதலில் அனுப்பியவரின் செய்திதான் பிரசுரமாகும் என்றால் உறுதிப்படுத்துவதற்குச் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நட்டம். பொலிஸ் கொடுத்த குறிப்பு அப்படியே செய்தியாகும், ஏனென்றால் அது இலவசம். ஒரு அரசியல்வாதியின் உதவியாளர் வாகனம் அனுப்பி, மதிய உணவும் கொடுத்து, படமும் எழுத்தும் தயாராக வட்ஸ்அப்பில் போட்டுவிட்டால், அந்தச் செய்தியில் மட்டும் செய்தியாளருக்குக் கைநட்டம் இல்லை. இலஞ்சம் வாங்காதே என்று கோவையில் எழுதுவது சுலபம். பயணச் செலவைக் கொடுத்த பிறகு எழுதினால் அந்த வரிக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

பணம் கணக்கிடப்படும் விதத்தையும் சொல்ல வேண்டும். மாத முடிவில் செய்தியாளர் தன் செய்திகளைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டி, திகதியும் பக்கமும் எழுதி அனுப்ப வேண்டும் என்ற முறை இன்னும் வழக்கில் உள்ளது. ஒட்டியது மட்டுமே எண்ணப்படும். வேறு பிராந்தியப் பதிப்பில் வந்த செய்தி அவர் ஊருக்கு வராது, ஆகவே கணக்கிலும் வராது. ஐந்து செய்தியாளர்களின் தகவலைச் சேர்த்துக் கொழும்பில் ஒரே செய்தியாக எழுதினால் அது யாருடைய கணக்கு என்று எவருக்கும் தெரியாது. இணையத்தளத்திலும் முகநூலிலும் போட்ட காணொளிக்குத் தனிக் கொடுப்பனவு பெரும்பாலும் இல்லை. ஆசிரிய பீடம் இடமின்மையால் நிறுத்திய செய்திக்கும் ஒன்றும் இல்லை, அதற்காக அவர் எரித்த பெற்றோல் எரித்ததுதான். இரண்டு மூன்று மாதம் பிந்தி வரும் காசோலையில் எந்தச் செய்திக்கு எவ்வளவு என்ற விபரமும் இருக்காது.

இனி, நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்: “அவர்கள் ஊழியர்கள் அல்லர், சுயாதீன ஊடகவியலாளர்கள்.”

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம், ஊழியர் என்பதற்குக் கொடுக்கும் பொருள் விரிவானது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலும் வாய்ப்பேச்சில் இருந்தாலும், வெளிப்படையாக இருந்தாலும் உட்கிடையாக இருந்தாலும் அது பொருந்தும்; ஒரு வேலையைத் தானே செய்து கொடுப்பதாக ஏற்ற ஒப்பந்தமும் அதற்குள் அடங்கும். எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவரும் தற்காலிகமாக வேலை செய்பவரும் அங்கத்தவராகலாம். ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறோம் என்பது தப்பும் வழி அல்ல.

இதைவிடத் தெளிவான ஒரு சாட்சியம் உங்கள் கையொப்பத்துடனேயே இருக்கிறது. அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அடையாள அட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு நிறுவனம் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் இவர் எமது நிறுவனத்தின் செய்தியாளர் என்று எழுதிக் கையொப்பமிடுகிறீர்கள். அதே ஆளுக்கு ஏன் சேமலாப நிதி இல்லை என்று தொழில் உத்தியோகத்தர் கேட்டால், அவர் எங்கள் ஊழியர் அல்லர் என்கிறீர்கள். ஒரு திணைக்களத்துக்கு ஊழியர், இன்னொரு திணைக்களத்துக்கு அந்நியர். இந்த இரட்டை வேடம் இருக்கும்வரை உண்மைத்தன்மையைப் பற்றி எந்த ஒழுக்கக் கோவை பேசினாலும் அது எடுபடாது. அந்தக் கடிதத்தை நிறுத்திவிடுவோம் என்ற பயமுறுத்தலால்தான் கேள்வி கேட்பவர்கள் வாய் மூடுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அட்டை இல்லாவிட்டால் மாவட்டச் செயலகக் கூட்டத்துக்குள்ளும் நுழைய முடியாமற் போகும்.

செலவு எவ்வளவு? 2025 ஏப்ரலில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாய் ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். அந்த 30,000 ரூபாயையே வைத்துப் பார்ப்போம். சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், 3,600 ரூபாய். ஊழியரின் பங்கு 8 வீதம், 2,400 ரூபாய், அது அவர் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுவது. நிறுவனம் மட்டுமே கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம், 900 ரூபாய். ஆகச் சம்பளத்துக்கு மேல் உங்கள் கையால் போவது மாதம் 4,500 ரூபாய். இருபது பிராந்திய செய்தியாளர்களுக்கு 90,000 ரூபாய். இதே சம்பளத்தில் பத்து ஆண்டு வேலை செய்தால் ஒருவரின் பெயரில் இந்த இரண்டு நிதியங்களிலும், வட்டியைச் சேர்க்காமலே, 8,28,000 ரூபாய் இருக்கும். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரராயின், ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு. இருபது, இருபத்தைந்து ஆண்டு எழுதிவிட்டு, நோய் வந்தபோது நண்பர்கள் முகநூலில் உதவி கேட்டு இடும் பதிவுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பதிவுகளுக்குக் கீழே ஆழ்ந்த அனுதாபம் எழுதுவதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியிருந்தது இந்த மாதாந்தக் கட்டுப்பணம்தான்.

காலந்தாழ்த்தினால் சேமலாப நிதிக்கு மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, ஓராண்டைத் தாண்டினால் 50 வீதம் வரை ஏறும். ஆகவே பின்னர் பார்ப்போம் என்பது உங்கள் கணக்காளருக்கும் நல்ல ஆலோசனை அல்ல.

மாதச் சம்பளம் கொடுத்தால் செய்தி குறைந்துவிடும், எல்லோரும் சும்மா இருப்பார்கள் என்பது இன்னொரு அச்சம். எண்ணிக்கை குறையத்தான் செய்யும், அதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாக உடைந்த விபத்துச் செய்தி ஒன்றாகும். அது வாசகருக்கு இழப்பு அல்ல. சிறு நிறுவனங்களுக்கு ஒரேயடியாக இருபது பேருக்கு முழுச் சம்பளம் கட்டுவது கடினம் என்பதையும் ஏற்கிறோம். 2022இன் நெருக்கடியில் அச்சுத்தாளின் விலையேற்றம் பக்கங்களையே தின்றதை ஆசிரிய பீடத்தில் இருந்த எவரும் மறக்க மாட்டார். சிறு நிறுவனங்களுக்கு ஓர் இடைவழி உண்டு. மாவட்டத்துக்கு ஒருவரை முழுநேர ஊழியராக்கி, மற்றவர்களுக்கு மாதாந்த அடிப்படைத் தொகை ஒன்றையும் அதன்மேல் செய்திக் கொடுப்பனவையும் வையுங்கள். பயணத்துக்குக் கிலோமீற்றர் கணக்கில் தனியாகக் கொடுங்கள். அடிப்படைத் தொகைக்கும் செய்திக் கொடுப்பனவுக்கும் சேர்த்துச் சேமலாப நிதி கட்டுங்கள். நீங்களே கேட்டு வாங்கிய செய்தியைப் பிரசுரிக்காமல் நிறுத்தினால் பாதித் தொகையாவது கொடுங்கள்.

முறைப்பாடு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு இனி வருவோம். சுய ஒழுங்குமுறை நடைமுறையில் பழுதாகும் இடம் இதுதான்.

பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளான ஒரு சிறுமி பற்றிய செய்தி. பெயர் போடவில்லை என்று ஆசிரிய பீடம் சொல்லும். ஆனால் கிராமத்தின் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, தரம் எட்டு என்று இருக்கிறது, தந்தை வெளிநாட்டில், பாட்டியாருடன் வசித்து வந்தார் என்று இருக்கிறது. வீட்டு வாசலின் படம், முகத்தை மங்கலாக்கி, கேற்றின் நிறம் தெளிவாகத் தெரிய. இருநூறு குடும்பம் உள்ள ஊரில் இனிப் பெயர் எதற்கு? பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தண்டனைச் சட்டக் கோவையிலேயே குற்றம். உறவினர் முறையிடுகிறார். ஆசிரிய பீடம் செய்தியாளரைக் கைகாட்டுகிறது. செய்தியாளர், தான் கிராமத்தின் பெயரை அனுப்பவில்லை, பொலிஸ் பிரிவை மட்டுமே எழுதினேன் என்கிறார். எது உண்மை? அவர் அனுப்பியது வட்ஸ்அப் குழுவில். குழுவில் தகவல்கள் ஒரு வாரத்தில் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மூலப் பிரதி எங்கும் இல்லை. இறுதியில் அவருடைய செய்திகளை இனி எடுப்பதில்லை என்று வாய்மொழியாகச் சொல்லப்படும். விசாரணை இல்லை, கடிதம் இல்லை. அந்தச் செய்தியைச் செம்மைப்படுத்திய உதவி ஆசிரியரோ அன்று இரவு இரண்டு பேரின் வேலையைத் தனியே செய்தவராக இருப்பார். தவறு எங்கே நுழைந்தது என்பது தெரியாமலே கோப்பு மூடப்படும், அடுத்த மாதம் அதே தவறு வேறு ஊர்ப் பெயருடன் வரும்.

இதற்கு மருந்து சிறியது. செய்திகள் வட்ஸ்அப்பில் வரட்டும், ஆனால் அதே பிரதி நிறுவன மின்னஞ்சல் முகவரி ஒன்றுக்கும் வர வேண்டும், ஆறு மாதம் அழிக்கக் கூடாது. ஒவ்வொரு முறைப்பாட்டுக் கோப்பிலும் ஒரு பக்கத்தாள் இருக்கட்டும். அதில், அனுப்பியவர் யார், எந்த நேரம், நேரில் போனாரா தொலைபேசியிலா, எந்த அடிப்படையில் பணம் பெறுகிறார், செம்மைப்படுத்தியவர் யார், அவர் அன்று எத்தனை மணித்தியாலம் வேலையில் இருந்தார், தலைப்பு இட்டவர் யார், படத்தைத் தெரிவுசெய்தவர் யார் என்று எழுதப்பட வேண்டும். தலைப்பைப் பற்றிய முறைப்பாட்டுக்குச் செய்தியாளர் பதில் சொல்ல வேண்டிய நிலை இதனோடு முடியும். தலைப்பு அவர் எழுதுவதில்லை. ஓராண்டு முடிவில் இந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், தவறுகள் எந்த மேசையில், எந்த நேரத்தில், எந்தக் கொடுப்பனவு முறையில் குவிகின்றன என்பது தெரிந்துவிடும். முறைப்பாட்டை விசாரிக்கும் அமைப்பு இதைக் கேட்க வேண்டும், ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். இப்போதுள்ள நடைமுறை செய்தியை மட்டுமே விசாரிக்கிறது, செய்தி உண்டான சூழலை விசாரிப்பதில்லை.

திருத்தம் போடும் முறையும் சரியில்லை. முதற்பக்கத்தில் நான்கு பத்தி அகலத்தில் வந்த தவறுக்குப் பதினோராம் பக்கத்து மூலையில் நான்கு வரி. அதுவும் ‘கடந்த 14ஆம் திகதி வெளியான செய்தியில் சில தகவல்கள் தவறாக இடம்பெற்றமைக்கு வருந்துகின்றோம்’ என்று, எந்தத் தகவல் என்றே சொல்லாமல். அது எவருக்கும் பயன்படாது. எது தவறு, எது சரி என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும், முதற்பக்கத் தவறுக்கு முதற்பக்கத்திலேயே இடம் வேண்டும். இணையத்தில் செய்தியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு அல்லது நீக்கிவிட்டு இருந்துவிடுவதும் திருத்தம் ஆகாது. அதே இணைப்பில், செய்தியின் தலையில், திகதியும் நேரமும் இட்டு என்ன மாற்றப்பட்டது என்று எழுதுங்கள். பலரும் பார்ப்பது செய்தியை அல்ல, தலைப்பைப் படமாக்கி முகநூலில் சுற்றவிடும் எழுத்துப்படத்தைத்தான். அதை நீக்கினாலும் பிறர் சேமித்த படம் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே திருத்தத்துக்கும் ஓர் எழுத்துப்படம் வேண்டும், அதே பக்கத்தில், அதே அளவில். ஒரு வேலைநாளுக்குள் முறைப்பாடு கிடைத்ததாகப் பதில், ஐந்து நாட்களுக்குள் முடிவு என்று வைத்தால் நடைமுறைக்கு ஒத்துவரும்.

பாதுகாப்பைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19இல், மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல், திருகோணமலையில் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் 2006 ஜனவரி 24இல் கொல்லப்பட்டார்கள். மூவரும் கொழும்புக்கு வெளியே நின்று எழுதியவர்கள். நீதி கிடைக்கவில்லை. நினைவு நாளில் விளக்கேற்றும் நிறுவனங்கள், இன்று களத்தில் நிற்பவருக்கு விபத்துக் காப்புறுதி எடுத்திருக்கின்றனவா என்பதையும் அன்றே பார்க்கலாம். பொலிஸ் விசாரணைக்கு அழைத்தால் சட்டத்தரணியின் செலவை நிறுவனம் ஏற்கும் என்ற ஒரு வரி நியமனக் கடிதத்தில் இருந்தால், அழைப்பு வந்தவுடன் செய்தியை நீக்கிவிடலாமா என்று செய்தியாளர் யோசிக்க மாட்டார். வெள்ளத்துக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் அனுப்பும்போது தலைக்கவசம், மழையங்கி, மேலதிக மின்கலம் கொடுப்பது நிறுவனத்தின் வேலை. இரவுப் பணி முடியும் பெண் ஊடகவியலாளர் வீடு சேர வாகனம் வேண்டும். பாலியல் தொந்தரவு பற்றி முறையிட, தன் மேலதிகாரி இல்லாத ஒருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்தியாளர்களும் வாளாவிருக்க முடியாது. பிரசுரமான செய்திகளின் பிரதிகள், காசோலைக் கடிதங்கள், வங்கிக் கூற்று, எங்கே போ என்று ஆசிரிய பீடம் அனுப்பிய குறுந்தகவல்கள், அடையாள அட்டைக்கான நிறுவனக் கடிதத்தின் பிரதி ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். வேலையுறவை நிரூபிப்பவை இவைதான். தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடப் பணம் தேவையில்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அந்தக் காலக்கெடு தவறியதால் கைவிட்டுப்போகும் வழக்குகள் வேதனையானவை, ஏனென்றால் வாய்மொழியாக நிறுத்தப்பட்டவர் மீண்டும் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தே அந்த ஆறு மாதத்தையும் கழித்திருப்பார்.

சுய ஒழுங்குமுறை அமைப்பின் பணமும் முக்கியமானது. வெளிநாட்டு உதவியில் ஓடும் அமைப்பு உதவி முடியும்போது மெலியும். உரிமையாளரின் பணத்தில் ஓடும் அமைப்பில், கண்டிக்கப்பட்டவர் அடுத்த நாள் தன் பங்கை நிறுத்திவிடலாம். இரண்டு ஆண்டுக்கான பங்கை முன்கூட்டியே கட்டுவதும், விலகுவோரின் பெயரை வெளியிடுவதும் அதற்குத் தடுப்பாக இருக்கும். தொலைக்காட்சி, வானொலி, இணையத்தளம் மூன்றும் அதே கோவைக்குள் வர வேண்டும். இன்று ஒரே நிறுவனத்தின் பத்திரிகைக்கு ஒரு நியாயமும் அதன் முகநூல் பக்கத்துக்கு இன்னொரு நியாயமும் நடக்கிறது.

நாங்கள் கேட்பது இதுதான். கோவையின் முதற் பிரிவில், இந்தக் கோவையில் கையொப்பமிடும் நிறுவனம் தனக்காகச் செய்தி சேகரிக்கும் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறது, சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் செலுத்துகிறது என்று எழுதுங்கள். அதற்கு ஆதாரம் காட்டாத நிறுவனத்துக்கு அங்கத்துவம் வேண்டாம். பழைய நிலுவையைப் பற்றிப் பிறகு உட்கார்ந்து பேசலாம். அடுத்த ஆண்டு ஊடக அடையாள அட்டைக்காக எத்தனை பேருக்குக் கடிதம் கொடுக்கிறீர்களோ, அத்தனை பேரின் பெயரும் அடுத்த மாதம் நீங்கள் ஊழியர் பெயர்களோடு அனுப்பும் சேமலாப நிதியின் ‘சி’ படிவத்தில் இருக்க வேண்டும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இவ்வண்ணம்,
வடக்கு, கிழக்கு, மலையகத்தில் பணிபுரியும் பிராந்திய செய்தியாளர்களும் உதவி ஆசிரியர்களும்